டத்தோவுக்குப் படிக்கத் தெரியாத மூன்று வரிகள்

முதலில் என் கையெழுத்துக்கு மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். கோழி கிளறிய மண் மாதிரி இருக்கும். எழுத்துப் பிழையும் நிறைய இருக்கும். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவன் நான். அதற்குப் பிறகு பேனாவைத் தொட்டதெல்லாம் டெலிவரி பாரத்தில் கையெழுத்துப் போடத்தான். பிழையைத் திருத்துகிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள். விஷயத்தை மட்டும் திருத்தாதீர்கள்.

நேற்று பிரிக்ஃபீல்ட்ஸில் உங்கள் விழா. ஒலிபெருக்கிப் பயிற்சியை முடித்த உங்கள் பதினாறு பேருக்கும் சான்றிதழ் கொடுத்தார்கள். கருப்பு அங்கி, தொப்பி எல்லாம் போட்டு, பார்க்க நன்றாகத்தான் இருந்தீர்கள். "நம்ம பழைய ஆள், நன்றி சொல்லி, பிள்ளைகளுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுவாரு" என்று என்னை மேடைக்குக் கூப்பிட்டார்கள். நான் ஏறினேன். மைக்கின் உயரத்தைச் சரிசெய்தேன். "ஹலோ, ஒன், டூ, த்ரீ" என்றேன். இறங்கிவிட்டேன்.

நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள். நான் வேடிக்கை காட்டுவதாக நினைத்திருப்பீர்கள். அதில் வேடிக்கை ஒன்றும் இல்லை. இருபத்தெட்டு வருஷமாக நான் மைக்கில் பேசியது அவ்வளவுதான். நாலு பேர் என்னைப் பார்த்தாலே எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் நேற்று சொல்ல வேண்டியதை இன்று எழுதுகிறேன். இந்த மாதத்தோடு வேலையை விடுகிறேன். வலது காதில் ஒரு கொசு நிரந்தரமாகக் குடிவந்துவிட்டது. காது போன சவுண்ட்மேன், நாக்கு போன சமையல்காரன்.

பெட்டாலிங் ஜெயாவிலிருந்து கிள்ளான் வரை நான் மைக் வைக்காத மண்டபம் குறைவு. பட்டமளிப்பு விழாக்களில் உட்கார்ந்து உட்கார்ந்து, பட்டம் வாங்காமலே எல்லாப் பட்டதாரிகளுக்குமான அறிவுரையும் வாங்கிவிட்டேன். "இது முடிவல்ல, தொடக்கம்" என்பார்கள். "தோல்வி வெற்றியின் முதல் படி" என்பார்கள். இதைச் சொல்கிறவர் அப்பா வைத்துவிட்டுப் போன கம்பெனியில் உட்கார்ந்திருப்பார். "நேரம் பொன் போன்றது" என்று ஒருவர் சொன்னார். அவர் வந்து சேர்ந்தது ஒன்றரை மணி நேரம் தாமதமாக. நான் சிரிக்கவில்லை. ஒலியை ஏற்றி இறக்கும் மிக்சருக்குப் பின்னால் இருக்கிறவன் சிரிக்கக் கூடாது.

நன்றியுரை இன்னும் மோசம். வந்தவருக்கு நன்றி, வராமல் மலர்வளையம் மாதிரி ஒரு பூக்கூடை அனுப்பியவருக்கு நன்றி, சாப்பாட்டுக்கு நன்றி. ஒரே ஒரு விழாவில் "பிஏ சிஸ்டத்துக்கும் நன்றி" என்றார்கள். பெட்டிக்கு நன்றி சொன்னார்கள். பக்கத்தில் நின்றவனுக்கு இல்லை. பரவாயில்லை, பெட்டி என்னைவிட உழைத்தது.

நான் நன்றி சொல்ல வேண்டிய ஆள் ஒருவர் உண்டு. கிள்ளானில் நான் முதலில் வேலை பார்த்த ஒலிபெருக்கிக் கடை முதலாளி. அவரோடு போன மூன்றாவது நிகழ்ச்சியோ நான்காவதோ. பேசிக்கொண்டிருந்த பிரமுகருக்குப் பாதியில் பேச்சு மறந்துவிட்டது. மனிதர் மைக்கை இரண்டு தட்டுத் தட்டி, "மைக் ரோசாக் போல" என்றார். கெட்டுவிட்டதாம். ஊரே திரும்பி எங்களை முறைத்தது. முதலாளி எழுந்து நின்று கை கூப்பினார். ஓடிப் போய் நன்றாக இருந்த ஒயரைக் கழற்றி மறுபடி மாட்டினார். அதற்குள் பிரமுகருக்கு ஞாபகம் வந்துவிட்டது.

எனக்குப் பொறுக்கவில்லை. "மைக் நல்லாத்தானே இருக்கு, பாஸ்?" என்றேன்.

"மைக்குக்கு மானம் இருக்காடா?"

"இல்ல."

"அந்தாளுக்கு இருக்கு. அதான் பழிய மைக்குக்குக் குடுத்தேன். நம்மகிட்ட இருக்கிறதே அந்த ஒரு பொய்தான். ஆனா யாருக்குக் குடுக்கிறோம்னு பாத்துக் குடுக்கணும்."

இதை உங்கள் பாடப் புத்தகத்தில் தேடாதீர்கள். மண்டபத்தில் பேச்சு நன்றாக இருந்தால் பேச்சாளர் கெட்டிக்காரர். கெட்டுப்போனால் மைக் சரியில்லை. இது எழுதாத சட்டம். இந்தச் சட்டத்தை வைத்துக்கொண்டு நான் செய்த ஒரு தப்பையும், அதற்குப் பிறகு செய்ததையும்தான் சொல்லப் போகிறேன்.

ஒரு தனியார் கல்லூரிக்குக் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் பட்டமளிப்பு. கல்லூரியின் பெயர் வேண்டாம். முன்வரிசையில் பிரமுகர்களுக்கு சோபா. நடுவில் பட்டதாரிகள். பெற்றோர்கள் கடைசியில், பிளாஸ்டிக் நாற்காலியில். அவர்களுக்கும் பின்னால், சுவரோரம், நானும் என் மிக்சரும். பெற்றவர்களும் ஒயர்காரனும் ஒரே வகுப்பு என்பது எல்லா மண்டபத்திலும் உள்ள வழக்கம்.

காலையில் ஒத்திகைக்கு ஒரு பெண் வந்தது. பெயர் தர்ஷினி. மாணவர்கள் சார்பில் பேசப் போகிற பிள்ளை.

"அங்கிள், என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேக்குமா?"

"கேக்கும்மா. ஏன்?"

"அம்மா அங்கதான் உக்காருவாங்க. அவங்களுக்குக் கேக்கணும்."

கல்லூரியின் உத்தரவுப்படி பேச்சு முழுக்க ஆங்கிலம். அம்மாவுக்கு ஆங்கிலம் தெரியாது. மேரு பக்கம் ஒரு தொழிற்சாலை வாசலில் நாசி லெமாக், அதாவது தேங்காய்ப்பால் சோறும் சம்பலும், விற்கிறவர். மகளுக்குச் சம்பல் வாசம் அடிக்கும் நோட்டுப் புத்தகங்களோடு வகுப்பில் உட்காரக் கூச்சமாக இருந்தது, இப்போது அந்தக் கூச்சத்தை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது, என்பதுதான் பேச்சின் சாரம். ஒத்திகையில் முழுவதையும் படித்தது. கடைசியில் மட்டும் மூன்று வரி தமிழில் எழுதி வைத்திருந்தது.

"இதுக்கு பர்மிஷன் வாங்கிட்டியா?" என்றேன்.

"கேட்டா வேணாம்பாங்க அங்கிள். மூணு வரிதானே. முடிக்கிறதுக்குள்ள என்ன செஞ்சிடுவாங்க?"

வால்யூமைக் கொஞ்சம் ஏற்றி வைத்தேன்.

பேச்சுகளைப் பேச்சாளர் நிற்கும் ரோஸ்ட்ரத்தில் வரிசையாக அடுக்கி வைப்பதும் எங்கள் வேலைதான். ஒருங்கிணைப்பாளர் ஒரு மிஸ். கையில் வாக்கிடாக்கி, முகத்தில் கண்ணகி. மூன்று நீலக் கோப்புகளை என்னிடம் கொடுத்தார். மூன்றும் ஒரே மாதிரி. மேலே ஆங்கிலத்தில் பெயர். எனக்கு ஆங்கிலம் காதில் போகும், கண்ணில் போகாது. அதனால் நான் என் வழக்கப்படி ஓரத்தில் டேப் ஒட்டிக்கொண்டேன். முதல்வருக்கு மஞ்சள், பிள்ளைக்குப் பச்சை, சிறப்பு விருந்தினராக வரும் டத்தோ பட்டக்காரருக்குச் சிவப்பு. நிகழ்ச்சி வரிசைப்படி மஞ்சள் மேலே, பச்சை நடுவில், சிவப்பு கீழே. பேசி முடித்தவர் தன் கோப்பை எடுத்துக்கொண்டு போவார். அடுத்தவருடையது மேலே வரும். இருபது வருஷமாகத் தப்பாத முறை.

டத்தோ தாமதமாக வந்தார். அவருக்கு ஷா ஆலமில் இன்னொரு விழா இருந்ததாம். அவர் வரும்போது முதல்வர் பேசி முடித்துவிட்டார். உடனே அறிவிப்பாளர் மைக்கில், "அடுத்து நம் சிறப்பு விருந்தினர்" என்றார். பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டார்கள்.

எனக்குத் தெரியும், மேலே இருப்பது பச்சை. டத்தோ சோபாவிலிருந்து எழுந்து, கோட்டை இழுத்துவிட்டு, இரண்டு பேருக்குக் கை கொடுத்து மேடைக்குப் போக அரை நிமிஷம் ஆகும். நான் ஓடிப் போய் மாற்றியிருக்கலாம். ஆனால் நடுப்பாதையில் முந்நூறு பேர் பார்க்க நடக்க வேண்டும். கால் எழவில்லை. டத்தோவின் உதவியாளர் கையில் ஒரு தோல்பை இருந்தது. பேச்சு அதில் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பயப்படுகிறவனுக்கு ஆறுதல் எங்கிருந்தாவது கிடைத்துவிடும்.

டத்தோ பச்சைக் கோப்பைத் திறந்தார். படிக்க ஆரம்பித்தார்.

இங்கேதான் நீங்கள் கவனிக்க வேண்டும். ஒன்றரைப் பக்கம் வரை யாருக்கும் ஒன்றும் தெரியவில்லை. டத்தோவுக்கும் தெரியவில்லை. "இது மகிழ்ச்சியான நாள். நாம் பல இல்லங்களிலிருந்து வந்தோம். ஆசிரியர்களுக்கு நன்றி." எந்தப் பட்டமளிப்பில் எவர் வாயில் வைத்தாலும் பொருந்துகிற வார்த்தைகள். "பட்டதாரிகள் சார்பில்" என்று படித்தபோது, டத்தோ எவ்வளவு பணிவானவர் என்று முன்வரிசை தலையாட்டியது.

பிறகு நாசி லெமாக் வந்தது. தொழிற்சாலை வாசல் வந்தது. நோட்டுப் புத்தகத்தில் சம்பல் வாசம் வந்தது. டத்தோ நல்ல குரல்காரர். உருகி உருகிப் படித்தார். மண்டபம் அடங்கிவிட்டது. டத்தோ இவ்வளவு கஷ்டப்பட்டு வந்தவரா! முதல் கைதட்டல் சோபாவிலிருந்து கிளம்பியது. பின்வரிசை வரை வந்தது.

எனக்கு முன்னால் இரண்டு கை தூரத்தில் தர்ஷினியின் அம்மா உட்கார்ந்திருந்தார். புதுச் சேலை, மடியில் பிளாஸ்டிக் பை. நாசி லெமாக், மதர் என்ற இரண்டைத் தவிர ஒரு வார்த்தை புரியாமல், எல்லாரும் தட்டுகிறார்களே என்று அவரும் தட்டினார். தன் கதைக்குத்தான் தட்டுகிறோம் என்று அவருக்குத் தெரியாது. மேடையோரத்தில் அந்தப் பிள்ளை வாயைக் கையால் பொத்திக்கொண்டு நின்றது.

என் விரல் வால்யூமின் மேல் இருந்தது. இறக்கவா? இறக்கினால் டத்தோவின் மானம். விட்டால் பிள்ளையின் பேச்சு. யோசித்துக்கொண்டே இருந்தேன். தம்பிகளே, யோசிப்பதும் ஒரு முடிவுதான். கெட்ட முடிவு.

டத்தோ கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். நின்றுவிட்டார். நமது டத்தோ தமிழர்தான். மேடைக்கு மேடை தாய்மொழியைக் காப்பாற்றச் சொல்பவர். அவர் கண்ணெதிரே மூன்று வரித் தமிழ்.

மூன்று விநாடி. நான்கு விநாடி. மண்டபம் முழுக்கக் காத்திருந்தது. டத்தோ மைக்கைத் தட்டினார். அது டொக் டொக் என்று ஊருக்கே கேட்டது.

"மைக் ரோசாக்கா?"

முந்நூறு தலை என் பக்கம் திரும்பியது. நான் வால்யூமை அடியோடு இறக்கினேன். பொய்யை உண்மையாக்கிவிட்டு நடந்தேன். கொஞ்ச நேரத்துக்கு முன்னால் நடக்கப் பயந்த அதே பாதை. இப்போது இருமடங்கு நீளமாக இருந்தது. அன்றைக்கு நான் படித்த பாடம் இது: வெட்கப்பட்டு நடக்காத தூரத்தை அவமானப்பட்டு நடக்க வேண்டி வரும்.

மேடையில் டத்தோ மெதுவாகக் கேட்டார். "இது என்ன?"

"தமிழ், டத்தோ."

"அது தெரியுதுலா. என்ன போட்டிருக்கு?"

"அம்மாவுக்கு நன்றி, டத்தோ."

"யாரு அம்மாவுக்கு?"

நான் கடைசி வரிசையைப் பார்த்தேன். பிறகு மேடையோரத்தில் நின்ற பிள்ளையைப் பார்த்தேன். டத்தோவும் பார்த்தார். அவர் கழுத்து சிவந்தது. "என் பேச்சு எங்க?" என்றார். அடியில் இருந்த சிவப்பு டேப் கோப்பை மேலே வைத்தேன். பச்சையை எடுத்துக்கொண்டேன். திரும்பி வந்து வால்யூமை ஏற்றினேன்.

"மன்னிக்கவும். மைக் கோளாறு," என்றார் டத்தோ. சபை சிரித்தது. என்னைப் பார்த்துத்தான். பிறகு தன் பேச்சைப் படித்தார். "இது மகிழ்ச்சியான நாள்" என்று அதுவும் ஆரம்பித்தது. ஒருவருக்கும் வித்தியாசம் தெரியவில்லை. கைதட்டல்தான் பாதியாகிவிட்டது.

அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே மிஸ் என்னிடம் வந்து குனிந்தார். "ஸ்டூடண்ட் ஸ்பீச் கட். நேரா டிகிரி ஸ்க்ரோல் குடுக்கிறாங்க. டத்தோ எல்லாத்தையும் சொல்லிட்டாருல்ல?"

"அது அந்தப் பிள்ளையோட பேச்சு, மிஸ்."

"தெரியும்லா! அதுக்காக அவள மறுபடி அதையே படிக்க விட்டா டத்தோ மூஞ்சிய எங்க வச்சுக்குவாரு?"

அவர் போன பிறகு அந்தப் பிள்ளை வந்தது. கண் மை கன்னத்தில் இறங்கியிருந்தது.

"என் ஃபைல் எங்க அங்கிள்?"

கொடுத்தேன். பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராக இருந்தது. டத்தோ தப்பாக எடுத்துவிட்டார் என்று சொல்லியிருக்கலாம். மைக் என்றுகூடச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்தப் பொய்யை இந்தப் பிள்ளையிடம் செலவழிக்க மனசு வரவில்லை.

"தப்பு என்னோடதும்மா. ஃபைல மாத்தி வைக்கணும்னு தெரியும். மேடைக்கு வர வெக்கப்பட்டுக்கிட்டு உக்காந்துட்டேன்."

அது என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத எனக்குத் தெரியாது.

"வெக்கமா? நாலு வருஷம் அங்கிள். இந்த ஒரு நாளுக்கு. அம்மா காலையில கடை போடாம வந்திருக்காங்க. இப்ப நான் என்ன பேசுறது? எல்லாத்தையும் அவரே பேசிட்டாரு."

"எல்லாத்தையும் பேசல. கடைசி மூணு வரி அவருக்குப் படிக்கத் தெரியல. அது இன்னும் உன்னோடதுதான்."

"மேடைக்கே விட மாட்டேங்கிறாங்க."

"மேடைக்கு எதுக்கு? அம்மா இங்கதானே இருக்காங்க."

ஒயர் இல்லாத மைக் ஒன்றை எடுத்து அதன் கையில் வைத்தேன். டத்தோ பேசி முடித்து, கைதட்டல் ஓய்ந்து, சோபாவில் உட்கார்ந்துவிட்டார். அறிவிப்பாளர் வாயைத் திறந்தார். நான் அவர் மைக்கை இறக்கினேன். ரோஸ்ட்ரம் மைக்கை இறக்கினேன். மண்டபத்தில் உயிரோடு இருந்தது ஒரே ஒரு மைக். அறிவிப்பாளர் மீன் மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடினார்.

"பேசும்மா" என்றேன்.

பிள்ளை கோப்பைத் திறக்கவில்லை. அம்மாவின் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றது. குரல் நடுங்கியது. ஆனால் கேட்டது. ஏற்றி வைத்திருந்தேனே.

"அம்மா, இதுவரைக்கும் பேசினது இவங்களுக்கு. இது உங்களுக்கு. நன்றிம்மா. டத்தோ இப்ப முதல்ல படிச்சாரே, அது நான் எழுதினதும்மா. அந்த நாசி லெமாக், அந்த நோட்டு, அது நம்ம வீட்டுக் கதை. கை தட்டினீங்களே, அது உங்களுக்குத்தாம்மா."

முன்வரிசை முழுவதும் கழுத்தைத் திருப்பிப் பின்வரிசையைப் பார்த்தது. சோபாவிலிருந்து அப்படித் திரும்புவது கஷ்டம். என் அனுபவத்தில் அவர்கள் பின்னால் பார்த்தது அந்த ஒரு தடவைதான். டத்தோவும் திரும்பினார்.

அம்மா எழுந்து நின்றார். மகளைப் பார்த்தார். மேடையைப் பார்த்தார். மறுபடி மகளைப் பார்த்தார். பிறகு, மைக்கே இல்லாமல், தொழிற்சாலை வாசலில் கூவிப் பழகிய குரலில் சொன்னார்:

"அடியே, அவரு அம்மான்னுல்ல நெனச்சேன்! பாவம் அந்தம்மான்னு கை தட்டுனேன்!"

மண்டபம் வெடித்துச் சிரித்தது. சிரித்துக்கொண்டே பாதிப் பேர் கண்ணைத் துடைத்தார்கள். இந்த முறை கைதட்டல் பின்னாலிருந்து கிளம்பி முன்னால் போனது. டத்தோவும் தட்டினார். தட்டாமல் என்ன செய்வார்? அம்மா மட்டும் தட்டவில்லை. பிளாஸ்டிக் பையைக் கீழே வைத்துவிட்டு மகளின் கன்னத்து மையைச் சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தார்.

நான் மற்ற மைக்குகளை ஏற்றினேன். அறிவிப்பாளருக்குக் குரல் திரும்பி வந்தது. மிஸ் வாக்கிடாக்கியோடு ஓடி வந்தார்.

"எம்சி மைக்க யாரு ஆஃப் பண்ணது? இந்த மைக்க யாரு குடுத்தது?"

என் நாக்கு வழக்கம்போல ஒட்டிக்கொண்டது. கஷ்டப்பட்டுப் பிரித்தேன்.

"மைக் ரோசாக், மிஸ்."

அந்தக் கல்லூரி அதற்குப் பிறகு எங்களைக் கூப்பிடவில்லை. ஒலி அமைப்பு திருப்தியாக இல்லை என்று ஒரு கடிதம் வந்தது. யாரோ எனக்குப் படித்துக் காட்டினார்கள். தர்ஷினியும் என்னிடம் வந்து நன்றி சொல்லவில்லை. சொல்லாதது சரி. அதன் பேச்சைத் தொலைத்தவன் நான். திருப்பிக் கொடுத்தது மூன்று வரி.

நேற்று உங்களுக்குச் சொல்ல வேண்டிய நாலு நல்ல வார்த்தையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். உங்கள் மைக் நன்றாக இருக்கும்போதே கெட்டுப்போனது என்பார்கள். பெரிய மனிதர்களுக்கு அந்தப் பொய்யைத் தாராளமாகக் கொடுங்கள், அதற்கு அவர்கள் பழகிவிட்டார்கள். ஆனால் வருஷத்துக்கு ஒரு தடவையாவது கடைசி வரிசைக்கும் ஒன்று மிச்சம் வையுங்கள். அதற்கு முன்னால், ஃபைல் மாறிக் கிடக்கிறது என்று தெரிந்தால், எழுந்து நடங்கள்.

உங்கள் விழா முடிந்த மறுநாள், கிள்ளான் ஸ்டோரில், ஒயர் சுருட்டும் மேசையில் வைத்து எழுதியது.

17 நவம்பர் 2024, ஞாயிற்றுக்கிழமை.